குடியேற்றமா, பிள்ளைப்பேறா: சிங்கப்பூர் இரண்டுக்கும் கொடுத்த விலை

பிறப்பு விகிதம் விழுந்துவிட்ட ஒரு நாடு வெளியாரைக் குடியேற்றுவது நல்லதா, உள்ளூர் மக்களைக் கூடுதலாகப் பிள்ளை பெற ஊக்குவிப்பது நல்லதா? எதில் செலவு குறைவு, எதில் சமூகத்துக்குச் சேதம் குறைவு? இதுதான் கேள்வி. உலகம் முழுவதற்கும் பொதுவாகப் பதில் சொல்லப் போனால் கருத்துச் சண்டைதான் மிஞ்சும். ஆகவே சிங்கப்பூரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பணத்துக்கும் பஞ்சமில்லாமல், நிர்வாகத் திறமைக்கும் குறைவில்லாமல், நாற்பது ஆண்டுகளாக இரண்டு வழிகளையும் சேர்த்தே செய்துபார்த்த நாடு அது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவா, அதுவா என்று பிரித்துக் கேட்பது அங்கே பொருந்தவில்லை. சிங்கப்பூர்க் குடும்பங்கள் பிள்ளை பெற்று வளர்ப்பதே குடியேறி வந்த தொழிலாளிகளின் உழைப்பை நம்பித்தான் நடக்கிறது. அப்படி நடந்தும் பிறப்பு உயரவில்லை. குடியேற்றத்தின் உண்மையான விலையும் அரசு வெளியிடும் கணக்குகளில் முழுதாகத் தெரிவதில்லை, ஏனென்றால் அதில் பெரும்பகுதியைக் கட்டுகிறவர்கள் சிங்கப்பூரர்கள் அல்லர்.

கொஞ்சம் வரலாறு. 1965இல் நாடு தனியானபோது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கரைக்கும் மேல் பிள்ளைகள். மறு ஆண்டே குடும்பக் கட்டுப்பாட்டுக்குத் தனி வாரியம் வந்தது. 1970இல் கருக்கலைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1972 முதல் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்ற பிரசாரம் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பிரசாரத்தோடு தண்டனையும் இருந்தது. மூன்றாவது, நான்காவது பிள்ளை என்றால் அரசு மருத்துவமனையில் பிரசவக் கட்டணம் ஏறும், பேறுகால விடுப்புக்குச் சம்பளம் கிடையாது, பள்ளிச் சேர்க்கையில் பின்வரிசைதான். 1970களின் நடுவிலேயே விகிதம் 2.1க்கு இறங்கிவிட்டது. தலைமுறைக்குத் தலைமுறை மக்கள்தொகை குறையாமல் இருக்கத் தேவையான அளவு அது. அங்கேயே நின்றிருந்தால் இந்தப் பதிலுக்கே வேலை இருந்திருக்காது.

1983 தேசிய தின உரையில் அன்றைய பிரதமர் லீ குவான் யூ வேறொரு கவலையை எழுப்பினார்: படித்த பெண்கள் திருமணம் செய்யாமல் இருக்கிறார்கள், படிக்காதவர்கள் அதிகம் பெறுகிறார்கள் என்று. அடுத்த ஆண்டு வந்த திட்டம், பட்டதாரித் தாய் மூன்று பெற்றால் அவளுடைய பிள்ளைகளுக்கு நல்ல பள்ளியில் முன்னுரிமை கொடுத்தது. அதே நேரத்தில், படிப்பும் வருமானமும் குறைந்த இளம் தாய் இரண்டோடு நிறுத்திக் கருத்தடை அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மக்கள் இதை மறக்கவில்லை. 1984 பொதுத் தேர்தலில் ஆளும் கட்சியின் வாக்கு 12 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. பட்டதாரித் தாய்மாருக்கான பள்ளி முன்னுரிமை 1985இல் கைவிடப்பட்டது. 1987இல் அன்றைய துணைப் பிரதமர் கோ சோக் டோங் அறிவித்த புதிய கொள்கை, 'வசதி இருந்தால் மூன்றோ, அதற்கு மேலோ' என்றது. இருபது ஆண்டுகளுக்குள் அரசு முழுவட்டம் அடித்துத் திரும்பிவிட்டது.

மக்கள் திரும்பவில்லை. இதைப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. சீனர்களுக்கு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கடல்நாக (டிராகன்) ஆண்டு பிள்ளை பெற மிக நல்ல ஆண்டு. 1988 கடல்நாக ஆண்டில் விகிதம் 1.96 வரை ஏறியது. 2000இல் அதே ஆண்டு வந்தபோது 1.60. 2012இல் 1.29. 2024இல் 0.97, அதாவது முந்தைய ஆண்டைவிட அசையக்கூட இல்லை. நல்ல நேரம் பார்த்துப் பிள்ளை பெறும் பழக்கம்கூட அந்த ஊரில் தேய்ந்துபோய்விட்டது. பட்ஜெட்டில் அறிவிக்கும் தொகை அதைவிட வலுவாக வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

தொகை சின்னதும் அல்ல. 2001இல் தொடங்கிய குழந்தை போனஸ், இன்று முதல் இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 11,000 வெள்ளி, மூன்றாவதிலிருந்து 13,000 வெள்ளி. தாய்க்கு 16 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. 2025 ஏப்ரல் முதல் தந்தைக்கு நான்கு வாரம். அதே ஆண்டு பட்ஜெட்டில் மூன்று பிள்ளைக் குடும்பங்களுக்குத் தனிச் சலுகைகளும் சேர்ந்தன. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே பெறுவதாக முடிவு செய்தவர்களுக்கு நல்ல உதவி. ஆனால் முடிவு செய்யாதவரின் மனத்தை மாற்றுவது 11,000 வெள்ளியால் ஆகிற காரியமா? பன்னிரண்டு வயதில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பிள்ளை எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2023 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, துணைப்பாட வகுப்புகளுக்கு மட்டும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஆண்டுக்குச் சுமார் 180 கோடி வெள்ளி செலவிடுகின்றன. ஒரே பிள்ளையை இந்த ஓட்டத்தில் நிறுத்தவே பெற்றோருக்கு மூச்சு வாங்குகிறது.

மற்ற நாடுகளின் அனுபவமும் இதைவிட மேலாக இல்லை. தென்கொரியா பிறப்பை உயர்த்தக் கோடிகோடியாகக் கொட்டியும் 2023இல் 0.72க்கு இறங்கியது. ஹங்கேரி நான்கு பிள்ளை பெற்ற தாய்க்கு வாழ்நாள் முழுவதும் வருமான வரி இல்லை என்று 2019இல் அறிவித்து, 2020இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே விகிதம் 2011இல் இருந்த 1.23இலிருந்து 1.6 அருகே வரை ஏறியது உண்மை. பிறகு 2024க்குள் 1.4க்கும் கீழே வந்துவிட்டது. பின்னால் பெற இருந்தவர்கள் சலுகைக்காகச் சற்று முன்னால் பெற்றுக்கொண்டதும் அந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம்.

இப்போது பொருளாதாரக் கணக்குக்கு வருவோம். இதில் பலரும் கவனிக்காத விஷயம் காலம்.

இன்று பிறக்கும் பிள்ளை வேலைக்குப் போக இன்னும் இருபத்திரண்டு, இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும். சிங்கப்பூர்க் குடிமக்களில் 65 வயதைத் தாண்டியவர்கள் 2014இல் எட்டில் ஒருவர். 2024இல் ஐந்தில் ஒருவர். 2030இல் நான்கில் ஒருவரை நெருங்குவார்கள். நாளையே ஏதோ அதிசயம் நடந்து எல்லோரும் மூன்று பிள்ளை பெற்றார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நடுவயதுக்காரரின் சுமை கூடத்தான் செய்யும். ஒரு பக்கம் முதியவர், மறு பக்கம் பள்ளிப் பிள்ளைகள். ஆகவே 2030இன் முதியோர் பிரச்சினைக்குப் பிறப்பு விகிதத்தை உயர்த்துவது பதிலே அல்ல. அது 2050க்கான பதில். அதற்காக அது வீண் என்று ஆகிவிடாது. எந்தக் கேள்விக்கு எது பதில் என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

குடியேறுகிறவர் இதற்கு நேர்மாறு. இருபத்தைந்து வயதில் வந்து இறங்குகிறார், மறுவாரமே வேலை தொடங்குகிறார். தாய்ப்பால் முதல் பட்டயப் படிப்பு வரை அவரை ஆளாக்கிய செலவு முழுவதையும் வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள். புதுக்கோட்டையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ போகும் இளைஞரின் தடுப்பூசிக்கும், சத்துணவுக்கும், அரசுப் பள்ளிக்கும், ஐடிஐ படிப்புக்கும் தமிழ்நாட்டு வரிப்பணம் போயிருக்கிறது. முகவர் கட்டணத்துக்குக் குடும்பம் நகையை அடகு வைத்திருக்கிறது. பதிலுக்கு அவர் அனுப்பும் பணம் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறது. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனாலும் சிங்கப்பூரோடு ஒப்பிட்டால் ஏழையான ஒரு மாநிலமும் ஏழைக் குடும்பங்களும் பணக்கார நாட்டுக்கு வளர்ந்த தொழிலாளியை மானியமாகக் கொடுக்கின்றன என்பதே கணக்கின் சாரம்.

ஆனால் குடியேறியவருக்கும் வயதாகும் அல்லவா? ஐநா மக்கள்தொகைப் பிரிவு 2000இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. முதியவருக்கும் உழைக்கும் வயதினருக்கும் உள்ள விகிதத்தைக் குடியேற்றத்தால் மட்டுமே மாறாமல் வைத்திருக்க வேண்டுமென்றால், 2050க்குள் தென்கொரியாவுக்கு 500 கோடிக்கும் மேற்பட்ட குடியேறிகள் தேவைப்படுவார்கள். அன்றைய உலக மக்கள்தொகையே சுமார் 600 கோடி. யாரும் அப்படி ஒரு திட்டம் போடவில்லைதான். வந்தவர்கள் தங்கினால் அவர்களும் முதியவர்களாகி மேலும் ஆட்களைக் கேட்பார்கள் என்பதை அந்தக் கணக்கு முகத்தில் அறைந்தாற்போலச் சொல்கிறது.

சிங்கப்பூர் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தது. குடியேறுகிறவர்களை இரண்டாகப் பிரித்தது. தங்கலாம் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஒரு வகை. ஆண்டுக்கு இருபதாயிரத்துச் சொச்சம் பேர் குடியுரிமை பெறுகிறார்கள், முப்பதாயிரத்துக்கு மேல் நிரந்தரவாசிகளாகிறார்கள். மற்றவர்கள் அங்கே முதுமையடைய அனுமதி இல்லாதவர்கள். 2024 நடுவில் மொத்த மக்கள்தொகை 60.4 லட்சம். அதில் குடிமக்கள் 36.4 லட்சம், நிரந்தரவாசிகள் 5.4 லட்சம், மீதி 18.6 லட்சம் பேர் இரண்டிலும் சேராதவர்கள். இந்த மூன்றாவது கூட்டத்தில் பெரும்பகுதி வேலை அனுமதிச்சீட்டுக்காரர்கள். அவர்களுக்கு மத்திய சேம நிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) இல்லை. குடும்பத்தை அழைத்துவர முடியாது. சிங்கப்பூரரைத் திருமணம் செய்ய மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று முதலாளி மாதாமாதம் அரசுக்குத் தீர்வை கட்டுகிறார். வேலை முடிந்தால் விமானம் ஏறிவிட வேண்டும்.

வரவுசெலவு மட்டும் பார்த்தால் இதைவிட மலிவான ஏற்பாடு உலகில் அதிகம் இல்லை. வளர்க்கும் செலவும் இல்லை, ஓய்வூதியச் செலவும் இல்லை, நடுவில் உழைக்கும் ஆண்டுகள் மட்டும். குடியேற்றம் லாபகரமானது என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது நான் முதலில் கேட்பது, எந்த வகைக் குடியேற்றம் என்பதைத்தான். குடும்பத்தோடு வந்து தங்குகிறவருக்குப் பள்ளி வேண்டும், வீடு வேண்டும், பிற்காலத்தில் மருத்துவமனையும் வேண்டும். அவரை வைத்துப் போடும் கணக்கும், தங்கும் விடுதியில் பன்னிரண்டு பேரோடு அறையில் படுப்பவரை வைத்துப் போடும் கணக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

இனி நான் மிக முக்கியம் என்று நினைப்பது: பணிப்பெண்கள்.

வெளிநாட்டுப் பணிப்பெண்களை வரவழைக்கும் திட்டத்தைச் சிங்கப்பூர் 1978இலேயே தொடங்கியது. நோக்கம் வெளிப்படையானது. உள்ளூர்ப் பெண்கள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையும் பெற வேண்டும். இன்று சுமார் மூன்று லட்சம் பணிப்பெண்கள் இருக்கிறார்கள், ஏறக்குறைய ஐந்து வீட்டுக்கு ஒருவர். சாதாரணமாக மாதம் 300 வெள்ளி தீர்வை. வீட்டில் சிறு பிள்ளையோ முதியவரோ இருந்தால் 60 வெள்ளிதான். அதாவது குடியேற்றத் தீர்வையிலேயே பிறப்பு ஊக்கம் பொதிந்திருக்கிறது. இரண்டு கொள்கைகளும் ஒரே ரசீதில் அச்சாகின்றன.

அந்தப் பணிப்பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. அதில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. கருவுற்றது தெரிந்தால் அனுமதிச்சீட்டு ரத்தாகும், நாட்டைவிட்டு அனுப்பப்படுவார். அவர் ஏற்கெனவே தாயாக இருந்தால், பிள்ளை ஜாவாவிலோ பிலிப்பீன்ஸ் தீவு ஒன்றிலோ பாட்டியிடம் வளர்கிறது. பிறப்பு போதவில்லை என்று கவலைப்படும் நாடு, தன் மண்ணில் உள்ள பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் இத்தனை பேர் பெறக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறது.

இவ்வளவு செய்தும் பிறப்பு ஏறியதா என்றால், 1978இலிருந்து இன்றுவரை விகிதம் ஏறக்குறையப் பாதியாக விழுந்திருக்கிறது. பணிப்பெண்கள் இல்லாதிருந்தால் இன்னும் கீழே போயிருக்கலாம், அதை மறுக்க முடியாது. ஆனால் அவர்கள் வாங்கித் தந்தது முக்கியமாகப் பெண்களின் வேலை நேரத்தை, பிள்ளைகளை அல்ல. வீட்டில் ஒரு பணிப்பெண் இருக்கிறார் என்பதாலேயே அலுவலகம் இரவு எட்டு மணிவரை இருக்கச் சொல்கிறது, கணவர் தொட்டிலைத் தொடாமல் தப்பித்துக்கொள்கிறார். மலிவான உழைப்பு கிடைத்ததால் வேலை நேரத்தையும் வீட்டு வேலைப் பங்கீட்டையும் மாற்ற வேண்டிய கட்டாயமே எழவில்லை. தந்தைக்குச் சம்பளத்தோடு ஒரு வாரம் விடுப்பு கட்டாயமானதே 2013இல்தான்.

சமூக விலையைப் பேசும்போது இரு தரப்பும் பொதுவாக எதிர்த் தரப்பின் விலையை மட்டும் பேசுவார்கள். குடியேற்றத்தின் விலை கண்ணுக்குத் தெரிகிறது. 1990இல் 30 லட்சமாக இருந்த மக்கள்தொகை இருபதே ஆண்டுகளில் 50 லட்சமானது. ரயிலில் நெரிசல், வீட்டு விலை, வேலைப் போட்டி எல்லாம் சேர்ந்து 2011 தேர்தலில் ஆளும் கட்சியை 60 சதவீதத்துக்குக் கொண்டுவந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு அதன் மிகக் குறைந்த வாக்கு அது. 2013 ஜனவரியில் வந்த மக்கள்தொகை வெள்ளை அறிக்கை, 2030இல் 65 முதல் 69 லட்சம் பேர் இருக்கலாம் என்று சொன்னது. போராட்டங்களையே அதிகம் பார்க்காத அந்த ஊரில், அடுத்த மாதம் ஹாங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டு ஆண்டு தேசிய சேவை (கட்டாயப் படைப்பணி) செய்கிறார்கள், புதிதாகக் குடியுரிமை பெற்ற முதல் தலைமுறை ஆண்கள் பெரும்பாலும் செய்வதில்லை என்ற மனத்தாங்கல் இன்றும் தீரவில்லை. அது இனவெறுப்பு என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல, நியாயமான முறையீடு.

அதே 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் பஸ் மோதித் தமிழ்த் தொழிலாளி ஒருவர் இறந்தபோது மூண்ட கலவரம், 1969க்குப் பிறகு அந்த நாடு பார்த்த முதல் பெரிய கலவரம். 2020இல் கொரோனா வந்தபோது அந்த ஆண்டு பதிவான சுமார் 58,000 தொற்றுகளில் 54,000க்கும் மேல் தங்கும் விடுதிகளில். ஊருக்கு வெளியே வைத்துக் குறைக்கப்பட்ட செலவு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அந்த எண் காட்டியது.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. இன விகிதாச்சாரம் பெரிதும் மாறாமல் இருக்கும்படி குடியேற்றத்தை நடத்துவதாகவே சிங்கப்பூர் அரசு சொல்கிறது. சீனர்களிடம் பிறப்பு மிகக் குறைவு, மலாய்க்காரர்களிடம் அதிகம்; ஆகவே வெளியிலிருந்து வருபவர்களால் சமன்செய்யப்படுகிறது. இந்தியர் பங்கும் நிலையாகவே இருக்கிறது, ஆனால் அதன் உள்ளடக்கம் மாறிவிட்டது. 1990களிலிருந்து வந்து தங்கிய இந்தியர்களில் பலர் தமிழர் அல்லாதவர்கள். வீட்டில் தமிழை அதிகம் பேசுவோரின் பங்கு 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 சதவீதம், 2020இல் 2.5 சதவீதம். இதற்குப் பெரிய காரணம் ஆங்கிலம்தான், புதிதாக வந்தவர்கள் அல்லர். ஆனாலும் 'இந்தியர்' என்ற கட்டத்தின் எண்ணிக்கை அப்படியே இருந்தால் சமூகம் அப்படியே இருக்கிறது என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இது நல்ல சான்று.

பிறப்பை உயர்த்தும் கொள்கைக்கும் சமூக விலை உண்டு, அது அமைதியாக வசூலாகிறது. யாருடைய பிள்ளை என்ற கேள்வி அதற்குள் எப்போதும் ஒளிந்திருக்கிறது. 1984 திட்டம் அதை வெளிப்படையாகச் சொன்னது. இன்றும் திருமணமாகாத தாய்க்குக் குழந்தை போனஸின் ரொக்கத் தொகை கிடையாது. அரசு வீடு வாங்குவதிலும் அவளுக்குச் சிரமங்கள் உண்டு. எல்லாப் பிறப்பும் வேண்டும் என்று எந்த அரசும் உண்மையில் நினைப்பதில்லை. 'உள்ளூர்ப் பிறப்பு' என்பதுகூட முழுக்க உள்ளூர் அல்ல. சிங்கப்பூர்க் குடிமக்களின் திருமணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, குடிமகன் அல்லாத ஒருவரோடு நடப்பது.

அப்படியானால் நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? பிறப்பு விகிதத்தைக் கொள்கையால் 2.1க்குத் திரும்பக் கொண்டுவரலாம் என்று நம்பவில்லை. வேலை நேரம், தேர்வு நெருக்கடி, வீட்டுக்குக் காத்திருக்கும் காலம் ஆகியவற்றைச் சீர்செய்தால் 1.2, 1.3 என்று நிற்கலாம். அது சிறிய லாபம் அல்ல, ஏனென்றால் 0.97இல் நூறு பேருக்குப் பேரப்பிள்ளைகள் இருபத்து நான்குக்கும் குறைவு, 1.3இல் சுமார் நாற்பது. போனஸைவிட அந்தச் சீர்திருத்தங்களுக்குத்தான் என் வாக்கு. மீதிக்குக் குடியேற்றம் தவிர்க்க முடியாதது. ஆனால் இன்றைய இரண்டு வகைக் குடியேற்றம் நெடுநாள் ஓடாது.

2025 ஜூலை முதல் வேலை அனுமதிச்சீட்டுக்காரர் எத்தனை ஆண்டு வேலை செய்யலாம் என்ற வரம்பைச் சிங்கப்பூர் எடுத்துவிட்டது, வயது வரம்பையும் 63 ஆக்கியது. நல்ல தொழிலாளியை அனுப்பிவிட்டுப் புதியவரைப் பழக்குவது கட்டுப்படியாகவில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் படிக்கிறேன். இருபது வயதில் வந்தவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைக்கலாம், ஆனால் மனைவியை அழைத்துவர முடியாது. முழு வாழ்நாள் உழைப்பையும் எடுத்துக்கொள்ளும் ஒரு நாடு, பத்து, பதினைந்து ஆண்டு உழைத்தவருக்காவது குடும்பத்தோடு தங்கும் வழியைத் திறப்பதுதான் முறை. அவருடைய பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளாவார்கள். பிறப்பு விகிதத்துக்காகத் தவிக்கும் நாட்டுக்கு இது ஏன் உறைக்கவில்லை என்பது எனக்கு வியப்பு. செலவு கூடும், உண்மைதான். நெரிசலும் கூடும். பள்ளியும் வீடும் முதலில் கட்டிவிட்டு ஆட்களைக் கூப்பிட வேண்டும். 2011க்கு முன் அந்த வரிசை தலைகீழாக இருந்ததுதான் அத்தனை கோபத்துக்கும் காரணம்.

மனிதாபிமானத்துக்காக இல்லாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டிவரும். ஆட்கள் வரும் ஊர்களிலேயே பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் விகிதம் 2020இலேயே 1.4. சீனா 1.0ஐ ஒட்டி நிற்கிறது, மலேசியா இரண்டுக்குக் கீழே போய் வெகுநாளாயிற்று, பிலிப்பீன்ஸ்கூட 2022 ஆய்வில் 1.9. இருக்கும் இளைஞர்களுக்கும் போட்டி தொடங்கிவிட்டது. ஜப்பான் 2019இல் புதிய தொழிலாளர் விசாவைத் திறந்தது. ஜெர்மனி 2024இல் இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக்கியது. அங்கே சில ஆண்டுகளில் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். திருமயத்தில் வெல்டிங் படித்துவிட்டு நிற்கும் பையனுக்கு இப்போது கணக்குப் போட நேரம் இருக்கிறது. அவனைச் சிங்கப்பூருக்கு வரவைக்க வேண்டுமானால், இன்று அரசு வசூலிக்கும் தீர்வையில் ஒரு பகுதி அவன் சம்பளத்துக்குப் போக வேண்டியிருக்கும்.